ஐப்பசி முதல் தை வரை: டெல்டாவில் மழையிலும் பனியிலும் சைக்கிளில் வேலைக்குப் போவது எப்படி

இந்த வருடம்தான் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறீர்கள், ஆடிக் காற்றைச் சமாளித்தாகிவிட்டது, ஆவணி சுகமாகப் போனது, புரட்டாசி பிற்பாதியில் சாயங்காலமானால் இடி முழங்கத் தொடங்கியதும் வீட்டில் "மழைக்கு என்ன பண்ணப் போறே, பேசாம பஸ்ல போ" என்கிறார்கள். அப்படியானால் இது உங்களுக்குத்தான். வீட்டிலிருந்து வேலைக்கு 3 கி.மீ. முதல் 10 கி.மீ. வரை தூரம் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்: சுவாமிமலையிலிருந்தோ திருநாகேஸ்வரத்திலிருந்தோ கும்பகோணம் கடைத்தெருவுக்கு வருபவர்கள், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுனுக்குள் வருபவர்கள். அதைத் தாண்டிய தூரம் என்றால் அடைமழை நாட்களில் பஸ்தான் புத்திசாலித்தனம், வீட்டில் சொல்வது சரிதான்.

முதலில் ஒன்று. நனைந்ததற்காக யாரும் சைக்கிளை விடுவதில்லை. நம் ஊர் மழை உடம்பை விறைக்க வைக்கிற மழை இல்லை, வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு ஒரு காபி குடித்தால் முடிந்தது. விடுகிறவர்கள் விடுவது, ஆபீஸில் ஈரப் பேன்ட்டோடு சாயங்காலம் வரை உட்கார நேர்ந்ததால், இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் ஓரமண்ணில் சறுக்கி விழுந்ததால். அதாவது மேலேயிருந்து கொட்டும் தண்ணீரைவிடக் கீழே கிடக்கும் தண்ணீரும் சேறும், அப்புறம் மாற்றுத் துணியும்தான் விஷயம். ரெயின்கோட்டுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு பத்திதான்.

கணக்கும் அவ்வளவு பயமுறுத்துவதில்லை. டெல்டாவுக்கு வருட மழையில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடுகிறது, நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இன்னும் அதிகம். ஆனால் மூன்று மாதமும் தினமும் கொட்டுவதில்லை. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரண்டு மூன்று நாள் பிடித்து அடிக்கும், அப்புறம் வெயில், சில நாள் கழித்து அடுத்தது. ஆக, கொட்டும் மழைக்குள்ளேயே மிதிக்க வேண்டிய நாட்கள் கொஞ்சம்தான். மழை விட்டபின் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் மிதிக்கும் நாட்கள்தான் அதிகம். பின்லாந்தில் ஊலு என்ற ஊரில் சாலை முழுக்க உறைபனி கிடக்கும்போதும் ஜனங்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே ஒரு மாநாட்டை 2013இல் முதன்முதலாக நடத்தியதும் அந்த ஊர்தான். அவர்கள் போடும் ஆணி பதித்த டயர் நமக்குத் தேவையில்லை. மற்றபடி முழு மட்கார்டு, நல்ல விளக்கு, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது, வளைவில் பிரேக் பிடிக்காதது எல்லாம் நம் களிமண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எந்த வண்டி

என்னைக் கேட்டால் 28 அங்குலச் சக்கரமுள்ள பழைய மாடல் கறுப்பு வண்டிதான் டெல்டா மழைக்குச் சரி. செயினை முழுக்க மூடும் கவர், அகலமான இரும்பு மட்கார்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி, கியர் கிடையாது. களிமண் ஒட்டினால் ஒட்டியபடியே உருண்டு வீடு வந்து சேர்ந்துவிடும். கியர் வண்டியில் பின்சக்கரத்தின் பக்கத்தில் தொங்குகிற சின்னப் பல்சக்கரங்களில் ஒரு தரம் சேறும் வைக்கோலும் ஏறினால் செயின் குதிக்கத் தொடங்கும், நடுரோட்டில் நின்று குச்சியால் நோண்ட வேண்டியிருக்கும். நம்முடையது தட்டையான ஊர், மேடு என்றால் ஆற்றுப்பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான், அதற்கு இத்தனை கியர் எதற்கு? ஒரே ஒரு விஷயத்தில் புது வண்டி ஜெயிக்கிறது, டிஸ்க் பிரேக். ரிம்மைப் பிடிக்கிற பிரேக்குக்கு ஈரம் ஆகவே ஆகாது, டிஸ்க் அவ்வளவு தடுமாறாது. கையில் இருப்பது கியர் வண்டிதான் என்றால் விற்க வேண்டாம், மழைநாளில் ஒரே கியரில் வைத்து ஓட்டுங்கள், முழு நீள மட்கார்டு வாங்கிப் போடுங்கள். பாதியில் நிற்கும் அரை மட்கார்டு, சேற்றை முதுகில் கோடு போட்டுவிடும்.

வீட்டில் பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் சும்மா நிற்கிறதா? தாராளமாகப் போதும். சீட்டை மட்டும் உங்கள் உயரத்துக்கு ஏற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருந்தால் அதுதான் சரியான உயரம்.

தீபாவளிக்கு முன்னால் கடைக்குக் கொண்டு போங்கள்

மழை பிடித்தபின் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதிலேயே மும்முரமாக இருப்பார், முழு வேலைக்கு நேரம் கிடைக்காது. அதற்கு முன்பே ஓவராயில் செய்துவிடுங்கள். இரண்டு சக்கரத்தின் நடுவிலும் இருக்கும் ஹப், பெடல், நடு ஆக்சில், ஹேண்டில் கப் எல்லாவற்றையும் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளான பால்ரஸில் தேய்ந்ததை மாற்றி, புதுக் கிரீஸ் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். கிரீஸ் உராய்வைக் குறைக்க மட்டும் இல்லை, தண்ணீர் உள்ளே புகாமல் அடைப்பதும் அதுதான். கஞ்சத்தனமாக வைத்தால் கார்த்திகைக்குள் பின்சக்கரம் கரகரக்கும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு மழைக்குத் தாங்காது. தையல் மெஷின் எண்ணெயும் மெலிசு, கழுவிக்கொண்டு போய்விடும். மோட்டார் சைக்கிள் செயினுக்கு விற்கிற எண்ணெய் அல்லது கெட்டியான கியர் ஆயில் நிற்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி உள்ளே இறங்க விட்டு, அப்புறம் வெளியே இருப்பதைப் பழைய துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைப்பதைப் பலரும் செய்வதில்லை. வெளியே வழிகிற எண்ணெயில் மணல் ஒட்டி, செயினும் பல்சக்கரமும் அரைபட்டுத் தேய்வது அதனால்தான்.

டயரில் பட்டன் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் மாற்றுங்கள். ஈரமான தார் ரோட்டில் சைக்கிள் டயரின் பட்டன் அவ்வளவு முக்கியம் இல்லை, ஆனால் ஓரமண்ணில் முக்கியம், மேலும் தேய்ந்த டயரில் மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் கருவேல முள் உடனே ஏறிவிடும். பிரேக் கட்டை இரும்பு தெரிகிற வரை தேயக் காத்திருக்காதீர்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் ஈரத்தில் வழுக்கும், அலுமினிய ரிம் அதைவிட நன்றாகப் பிடிக்கும், எப்போதாவது ரிம் மாற்ற வேண்டி வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு செலவில்லாத வேலை. பழைய டியூபில் கையகலத் துண்டு வெட்டி முன் மட்கார்டின் கீழ் நுனியில் போல்ட் போட்டுத் தொங்க விடுங்கள், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கட்டும். செருப்பிலும் பேன்ட் காலிலும் அடிக்கிற சேற்றில் பெரும்பகுதி முன்சக்கரம் வாரி அடிப்பதுதான், இந்த ஒரு துண்டு அதைத் தடுத்துவிடும்.

பாதையை வெயில் நாளில் பாருங்கள்

வழக்கமாகப் போகும் பாதை மழைக்கு ஆகுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் போய்ப் பாருங்கள். தார் ரோடு எங்கே முடிகிறது, கப்பி ரோடு எங்கே ஆரம்பிக்கிறது, ரயில்வே கீழ்ப்பாலம் இருக்கிறதா, தரைப்பாலம் இருக்கிறதா. கோடையில் ஆற்றங்கரை ரோடு மாதிரி சுகம் கிடையாது, குடமுருட்டிக் கரையிலோ வெண்ணாற்றங்கரையிலோ நிழலில் ஓட்டிக்கொண்டே போகலாம். தார் போடாத கரையாக இருந்தால் ஐப்பசியில் அதை மறந்துவிடுங்கள். மட்கார்டுக்குள் களிமண் அப்பி சக்கரமே சுற்றாமல், வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும். சுற்று வழியாக இரண்டு கி.மீ. கூடினாலும் தார் ரோடுதான்.

அதற்காக நாகப்பட்டினம் சாலை, கும்பகோணம் சாலை என்று பெரிய ரோட்டில்தான் போக வேண்டும் என்றும் இல்லை. மழையில் லாரிக்காரருக்கும் கண்ணாடி மங்கியிருக்கும், சைக்கிள் தெரியாது. ஊருக்குள் புகுந்து ஊருக்குள் வெளியேறுகிற பஞ்சாயத்துத் தார் ரோடு இருந்தால் அதுவே முதல் தேர்வு.

காற்றையும் கணக்கில் எடுங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். சுவாமிமலையிலிருந்து கிழக்கே கும்பகோணம் வருபவருக்குக் காலையில் எதிர்க்காற்று, மாலையில் பின்காற்று. திருநாகேஸ்வரத்துக்காரருக்கு நேர்மாறு. வெயில் நாளில் மணிக்கு 15 கி.மீ. ஓட்டுகிறவர் எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்தால் 12க்கு இறங்கிவிடுவார், 8 கி.மீ.க்கு 32 நிமிடம் எடுத்தது 40 நிமிடமாகும். போய்ச் சேர்ந்து துணி மாற்றப் பத்து நிமிடம். ஆகவே இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். அவசரமாக ஓட்டுகிறவர்தான் மழையில் விழுகிறார்.

என்ன உடுத்துவது

ரெயின்கோட்டு போட்டால் மழையில் நனைய மாட்டீர்கள், வேர்வையில் நனைவீர்கள். காற்றுப் போகாத பிளாஸ்டிக்குக்குள் நம் ஊர்ப் புழுக்கத்தில் அரைமணி நேரம் மிதித்துப் பாருங்கள், தெரியும். தூறலுக்கும், அரைமணிக்குக் குறைந்த தூரத்துக்கும் மேல்கோட்டு மட்டும் போதும். நல்ல மழை என்றால் நனைந்துகொண்டே போய் அங்கே மாற்றிக்கொள்வதுதான் நிம்மதி. சீக்கிரம் காயும் பாலியஸ்டர் பனியன், முட்டி வரை அரைக்கால்சட்டை. வயல் வேலைக்காரர்கள் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்கிறார்களே, அது குனிந்து நாற்று நடுகிறவருக்கு அருமையான ஏற்பாடு, சைக்கிளில் பக்கவாட்டுப் பார்வையை மறைத்துவிடும், வேண்டாம். ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவதை நம் ஊரில் தினமும் பார்க்கலாம். ஒரு கையில் ஒரு பிரேக்தான் இருக்கும், அதுவும் ஈரத்தில் பிடிக்காது, மேலும் பாலத்தின் மேல் காற்று குடையோடு சேர்த்து உங்களையும் திருப்பும். நடந்து போங்கள், இல்லை நனைந்து போங்கள்.

சுடிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள், ஈரத் துப்பட்டா பின்சக்கரத்தில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். சேலை என்றால் பின்சக்கரத்தின் பக்கத்தில் வலை மூடி கட்டாயம். காலுக்கு ரப்பர் செருப்பு சரிப்படாது, பெடலில் வழுக்கும், சேற்றில் கால் ஊன்றினால் அங்கேயே நின்றுவிடும். பின்பக்கம் வார் வைத்த சாண்டல் போதும். ஷூ, சாக்ஸ் ஒரு ஜோடி ஆபீஸிலேயே கிடக்கட்டும்.

பைக்குள் இருப்பதைக் காப்பாற்றுவது சுலபம். கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் துணி, துண்டு, கணக்கு நோட்டு எல்லாம் வைத்து வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போடுங்கள். தண்ணீர் புகாத பை என்று விலை கொடுத்து வாங்குவதைவிட இது நிச்சயம். போனுக்குத் தனியாக ஜிப் கவர். சாப்பாட்டு டப்பா கேரியரில், சாய்ந்தாலும் துணியில் சாம்பார் கொட்டாத இடத்தில்.

திங்கட்கிழமையன்றே இரண்டு செட் உலர்ந்த துணி கொண்டுபோய் வேலையிடத்தில் வைத்துவிடுங்கள், உள்ளாடை உட்பட. துணிக்கடையில் நின்று வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூட ஆசிரியர், வங்கி ஊழியர் யாராக இருந்தாலும் ஒரு மூலை அலமாரி கேட்டு வாங்குவது இந்தச் சீசனுக்கு வேண்டிய மிக முக்கியமான ஏற்பாடு. ஈரத் துணியைப் பையில் சுருட்டி வைக்காமல் எங்காவது மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடவும் அனுமதி கேளுங்கள், சாயங்காலம் அதைத்தானே மறுபடி போட வேண்டும்.

ரோட்டில்

இங்கேதான் நின்று பேச வேண்டும்.

டெல்டாச் சாலைகளில் மழைக்காலத்தின் முதல் எதிரி தார் விளிம்பு. வெயில் காலத்தில் பஸ் ஹாரன் அடித்தால் நாம் யோசிக்காமல் தார் விட்டு மண்ணில் இறங்கிவிடுவோம், பஸ் போனதும் ஏறிக்கொள்வோம். பழக்கம் கையிலும் காலிலும் ஊறிப்போயிருக்கும். மழைக்குப் பிறகு அந்த ஓரமண் ஊறிய களிமண், வெண்ணெய்தான். இறங்கும்போது முன்சக்கரம் பக்கவாட்டில் போகும், தப்பித்து மறுபடி ஏறலாம் என்று சாய்வாகத் திருப்பினால் தாரின் அந்த இரண்டங்குல விளிம்பில் டயர் உரசிக்கொண்டே வந்து உங்களைத் தார் பக்கமாக, அதாவது பஸ்ஸின் பக்கமாகத் தள்ளும். அதனால் விதி இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போது தாரை விட்டு இறங்காதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளி நேர்கோட்டில் ஓட்டுங்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள் என்று தெரியட்டும். விட்டுக்கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் முன்கூட்டியே வேகம் குறைத்து, தாரிலேயே நின்று, காலை ஊன்றி, வண்டியைத் தூக்கி ஓரம் வையுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வெகுநாள் கழித்துப் பெய்யும் முதல் மழையில், அதுவும் முதல் அரைமணி நேரத்தில், ரோடு அதிகம் வழுக்கும். கோடை முழுக்கச் சேர்ந்த எண்ணெயும் டயர்ப் பொடியும் தண்ணீரில் மிதந்து மேலே வரும். நன்றாகக் கொட்டிக் கழுவியபின் பிடிப்பு திரும்ப வந்துவிடும். அந்த அரைமணி நேரம் ஒரு டீக்கடையில் ஒதுங்குவது நேர விரயம் இல்லை.

பிரேக்கை எப்போதும் முன்கூட்டியே தொடுங்கள். ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழிப்பதற்கே சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் கட்டை பிடிக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரம் முன்பே லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் இறுக்குங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். ஈர இரும்பை ரோடு சாய்வாகக் கடக்கிற கேட்டு என்றால் இறங்கித் தள்ளுவதே மேல். ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட், பாலத்தின் இரும்பு இணைப்பு, சாக்கடை மூடி, விழுந்து நசுங்கிய இலை, சாணி எல்லாம் இதே கணக்கில்தான் வரும். அவற்றின் மேல் திரும்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், நேராக உருண்டு போய்விடுங்கள்.

தேங்கிய தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும், ராத்திரி டிராக்டர் போயிருக்கும். சுற்றிப் போக முடிந்தால் சுற்றுங்கள், முடியாவிட்டால் முன்னால் போகும் வண்டியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்து அதே தடத்தில் போங்கள். ஆக்சில் வரை தண்ணீர் வந்தால் ஓட்டக் கூடாது, ஹப்பில் தண்ணீர் புகுந்துவிடும். ஓடுகிற தண்ணீர் வேறு சங்கதி. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் அது கணுக்கால் அளவாகத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள், பாலத்தின் ஓரம் எது என்று தெரியாத இடத்தில் வீரம் கூடாது. கொள்ளிடக் கரை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மேட்டூர் நிரம்பி முக்கொம்பில் திறந்துவிட்டால், இங்கே மழையே இல்லாமலும் படுகைக்குள் தண்ணீர் வரும்.

அப்புறம் வயல் சார்ந்தவை. சம்பா, தாளடி நடவு நேரத்தில் இரும்புக் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறி ரோட்டில் கட்டி கட்டியாகச் சேறு போட்டுப் போகும். அதே சமயத்தில் குறுவை அறுத்தவர்கள் நெல்லை ரோட்டில் காயப்போட்டிருப்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், மழையில் அவர்களுக்குக் காயவைக்கத் தார் ரோட்டை விட்டால் இடம் ஏது, கோபப்படுவதில் நியாயம் இல்லை. நமக்குள்ள ஆபத்து நெல் மட்டும் இல்லை, குவியலைச் சுற்றி வைத்திருக்கும் கல்லும் கட்டையும், மேலே போர்த்திய தார்ப்பாய்க் கயிறும். இருட்டில் அவை தெரியவே தெரியாது. பகலிலேயே எந்த வளைவில் யார் குவித்திருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டு, பூச்சி, பாம்பு

கார்த்திகையில் சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மேகம் இருந்தால் அதற்கும் முன்பே. டைனமோ டயரில் உரசி ஓடுவது, ஈரத்தில் வழுக்கி விளக்கு அணையும், வண்டி நின்றால் வெளிச்சமும் நிற்கும். பேட்டரி எல்இடி விளக்கு முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பின்விளக்கை முதலில் வாங்குங்கள் என்பேன், பின்னாலிருந்து வருகிறவனுக்கு நாம் தெரிய வேண்டும். மட்கார்டிலும் பெடலிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பெடல் மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலிருந்தே சைக்கிள் என்று தெரிந்துவிடும்.

ஐப்பசியில் வயலோரம் விளக்கு போட்டுக்கொண்டு போனால் பச்சைத் தத்துப்பூச்சிக் கூட்டம் முகத்தில் அடிக்கும். கண்ணில் ஒன்று விழுந்தால் ஹேண்டிலை விட்டுக் கண்ணைக் கசக்கத்தான் கை போகும். நிறமில்லாத சாதாரணக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், மழைச்சாரலுக்கும் உதவும். மழை விட்ட ராத்திரியில் பாம்பு ரோட்டைக் கடக்கும், மாடுகள் ஈரமில்லாத இடம் தேடித் தாரின் நடுவில் படுத்திருக்கும். விளக்கு வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

போகக் கூடாத நாள்

வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைக் காலையில் ஒரு தரம் பாருங்கள். மஞ்சள் என்றால் கிளம்பலாம். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள், பஸ்ஸில் போங்கள். சிவப்பு அதற்கும் மேல், வீட்டில் இருங்கள். மிகையாகச் சொல்வதாக நினைப்பவர்கள் 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியதையோ, 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா தென்னை மரங்களை என்ன செய்தது என்பதையோ பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

காற்று பலமாக அடித்த மறுநாள் காலையிலும் வேண்டாம். மரக்கிளை, அறுந்த மின்கம்பி, அந்தக் கம்பி கிடக்கும் தண்ணீர். கம்பி கிடப்பதைப் பார்த்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள். வெள்ளம் பற்றிய உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநில அளவில் 1070.

இடி மின்னலுக்கு ஒரு கணக்கு: மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்பதற்குள் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். வெட்டவெளி வயல் நடுவே தனிப் பனைமரத்தடியில் நிற்பதைவிட நனைந்துகொண்டே அடுத்த ஊர் வரை போவது மேல்.

வீடு திரும்பியதும்

பத்து நிமிட வேலை, சோம்பலாகத்தான் இருக்கும். ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பில் பீய்ச்சி அடிக்காதீர்கள், கிரீஸையே உள்ளிருந்து வெளியேற்றிவிடும். மட்கார்டுக்குள் அப்பியதை அன்றைக்கே குச்சியால் எடுங்கள், களிமண் காய்ந்தால் உளி வேண்டும். செயினைத் துடைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை எண்ணெய். வாரம் ஒரு முறை சீட்டுக் கம்பியை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாகச் சாய்த்துப் பாருங்கள், ஃபிரேமுக்குள் தேங்கிய தண்ணீர் கொட்டும். நாகூர், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றுக்காரர்கள் போக்ஸ் கம்பியையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவது நல்லது.

உங்கள் காலையும் கவனியுங்கள். தினமும் சேற்றுத் தண்ணீரில் கால் வைத்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் இல்லாமல் துடைத்து, கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். மழைத் தண்ணீரில் நடந்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மார்கழியும் தையும்

மழை குறைந்ததும் பனி. விடியலில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் மிதிக்கும் வேகத்தில் காது குளிரும், ஒரு மப்ளர் போதும். இடம் பிடித்து நிற்கும் மூடுபனிதான் கவனிக்க வேண்டியது. வயலும் ஆறும் சேருமிடங்களில் பத்தடிக்கு அப்பால் தெரியாது, கிராமத்துக்குள் நுழைந்தால் தெளிந்துவிடும். பகல் வெளிச்சம் வந்துவிட்டதே என்று விளக்கை அணைக்காதீர்கள். முடிந்தால் ஏழரைக்குப் பிறகு கிளம்புங்கள், வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். ராத்திரி வெளியே நின்ற வண்டியின் ரிம்மில் பனி படிந்திருக்கும், மழையே பெய்யாத நாளிலும் முதல் பிரேக் பிடிக்காது, கிளம்பும் முன் ஒரு துணியால் துடையுங்கள்.

தையில் சம்பா அறுப்பு. அறுவடை இயந்திரங்கள் ரோட்டில் ஊர்ந்து வரும், பாதி ரோட்டுக்கு மேல் அடைக்கும், அதற்கு மட்டும் தாராளமாக நின்று வழி விடுங்கள். ரோட்டில் உதிர்ந்த வைக்கோல் பனியில் நனைந்து வழுக்கும், மேலும் பின் ஹப்பில் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் இழுக்காதீர்கள், கத்தியால் அறுத்துத் துண்டு துண்டாக எடுங்கள். பிசிறு, பின்சக்கரத்தின் பல்சக்கரமான ப்ரீவீலுக்குள் போய்விட்டால் பெடல் வெறுமனே சுற்றத் தொடங்கும், அதைக் கடையில்தான் கழற்ற வேண்டும்.

மாசி பிறந்ததும் மறுபடி ஒரு முறை ஹப்பைத் திறக்கச் சொல்லுங்கள். கிரீஸ் கறுத்திருந்தால் சாதாரணத் தேய்மானம். பால் கலந்த நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பால்ரஸோடு அது உருளும் கோனையும் மாற்ற வேண்டிவரலாம், அடுத்த ஐப்பசிக்கு முன் கிரீஸை இன்னும் நிறைய வைக்கச் சொல்லுங்கள்.